நாய்க்குட்டியின் முதல் நான்கு மாதங்கள்: பயமில்லாமல், பண்போடு வளர்ப்பது எப்படி?

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு நாய் புதிதல்ல. லயத்து வீட்டு வாசலில் ஒரு நாய் கிடக்கும். பாம்பு வந்தால் குரைக்கும், வெளியாள் வந்தால் விரட்டும். அதிகம் குரைக்கும் நாய்தான் நல்ல நாய் என்று பெயர் வாங்கும். இன்று பலர் தாமான்களில் வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். இங்கே ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் வசிக்கிறது. தோட்டத்தில் பாராட்டு வாங்கிய அதே குணம், தாமானில் அண்டை வீட்டாரின் புகாராக மாறுகிறது. கடைசியில் நாயைக் கட்டிப் போடுகிறோம், அல்லது எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். இந்த முடிவைத் தவிர்க்கும் வழி, குட்டியின் முதல் நான்கு மாதங்களில் இருக்கிறது.

மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை

நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை, உலகம் எப்படிப்பட்டது என்று கற்றுக்கொள்ளும் காலம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார்கள். இந்தக் காலத்தில் மனிதர்களோடு பழகாத குட்டி, வளர்ந்த பிறகு மனிதர்களைக் கண்டு ஒதுங்கும். இன்றைய கால்நடை மருத்துவர்களும் நாய் பயிற்சியாளர்களும் இந்த அடிப்படையில்தான் ஆலோசனை சொல்கிறார்கள்.

கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை கெட்ட நாய்கள் அல்ல, பயந்த நாய்கள். குடையைப் பார்த்திராத நாய்க்குக் குடை ஆபத்தான பொருள். குழந்தையோடு பழகாத நாய்க்கு, கத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தை ஓர் எதிரி.

குட்டியை 8 வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதை அது தன் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது.

தடுப்பூசி முடியும் வரை காத்திருக்கலாமா?

இது பலருக்கும் எழும் கேள்வி. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். பிறகு 3 அல்லது 4 வாரத்திற்கு ஒருமுறை, ஏறக்குறைய 16 வாரம் வரை தொடரும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய இரண்டும் குட்டிகளைக் கொல்லும் நோய்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே பொதுத் திடல், கால்வாய் ஓரம், தெருநாய்கள் திரியும் இடம் ஆகியவற்றில் குட்டியைத் தரையில் விடக்கூடாது.

அதற்காக 16 வாரம் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால், பழகும் காலம் முடிந்துவிடும். இதற்கு எளிய வழி இருக்கிறது. குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, பள்ளி விடும் நேரம் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். தடுப்பூசி போட்ட நாய் இருக்கும் உறவினர் வீட்டிற்குக் கூட்டிச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். சரவாக்கில் 2017 முதல் இந்நோய் மனித உயிர்களையும் பறித்து வருகிறது.

எதற்கெல்லாம் பழக்க வேண்டும்?

• மனிதர்கள்: முதியவர், குழந்தை, தாடி வைத்தவர், தலைக்கவசம் அணிந்தவர், முக்காடு போட்டவர், சக்கர நாற்காலியில் இருப்பவர்.
• ஒலிகள்: மோட்டார் சைக்கிள், ரொட்டிக்காரரின் ஹார்ன், இடி, புல்வெட்டும் இயந்திரம். தீபாவளிப் பட்டாசு ஒலியைக் கைப்பேசியில் மிக மெதுவாக வைத்து, குட்டி சாப்பிடும்போது ஓடவிடுங்கள். சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.
• தொடுதல்: காது, பாதம், வாய் ஆகியவற்றைத் தினமும் தொட்டுப் பாருங்கள். பின்னாளில் உண்ணி எடுப்பதும் நகம் வெட்டுவதும் சுலபமாகும்.

ஒவ்வொரு முறையும் சிறு துண்டு வேகவைத்த கோழி இறைச்சி கொடுங்கள். குட்டி வாலை ஒடுக்கினாலோ, ஒளிந்துகொண்டாலோ வற்புறுத்தாதீர்கள். கொஞ்சம் விலகி நின்று, அது தானாக முன்வரும் வரை பொறுத்திருங்கள். பயந்த குட்டியை இழுத்துச் சென்றால் பயம் கூடுமே தவிர, குறையாது.

நல்ல பழக்கங்கள்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்திற்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சிறுநீர் கழித்தால் உடனே பாராட்டுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். எதற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. உங்களைக் கண்டு ஒளிய மட்டுமே கற்றுக்கொள்ளும்.

விளையாட்டில் கையைக் கடித்தால், விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு போய்விடும் என்பது விரைவில் புரியும். உறுமும் நாயையும் அடக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்காகத் திட்டு வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கலாம். சிறு குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுச் செல்லவே கூடாது.

வேலைக்குப் போகும் குடும்பங்கள், குட்டியைத் தனிமைக்கும் பழக்க வேண்டும். முதலில் 5 நிமிடம், பிறகு 10 நிமிடம் என்று தொடங்குங்கள். நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய்தான் நாள் முழுதும் குரைக்கும்.

அண்டை வீட்டாரும் சட்டமும்

ஆள்மேல் தாவாமல் இருக்கப் பழக்குவது நம் நாட்டில் மிக முக்கியம். நாயின் எச்சில் பட்டால், முஸ்லிம் அண்டை வீட்டார் தங்கள் சமய முறைப்படி ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும். குட்டி தாவும்போது கொஞ்சினால், பெரிதானதும் எல்லார் மேலும் தாவும். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தட்டிக்கொடுங்கள். வெளியே போகும்போது எப்போதும் கயிறு இருக்கட்டும். கழிவை எடுத்துப் போட ஒரு பையும் கையில் இருக்கட்டும்.

நாய்க்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பது இடத்திற்கு இடம் மாறும். குட்டி வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒரு நாய் 10 முதல் 15 ஆண்டு வரை நம்மோடு வாழும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பழக்கத் தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மூன்று வேளை ஒதுக்கினாலே போதும்.