வடசிலாங்கூர்த் தோட்டச் சிறுவரும் அரசு ஆங்கில ஆண்கள் பள்ளிகளும்: வயது இட்ட வரம்பு

மலேசியத் தமிழர்தம் கல்வி வரலாறு பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பெற்றதையும், அதனுள் தமிழ் வகுப்பு இடம்பெற்றதையும் நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் அத்தமிழ் வகுப்பு ஓர் ஆங்கிலப் பள்ளியின் கிளையாகப் பிறந்தது என்பதைப் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. பிற்காலத்தில் தமிழ்ப்பள்ளி தோட்டத்திற்குள்ளும் ஆங்கிலப் பள்ளி நகரத்திற்குள்ளும் அமைந்தன. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த வழி எத்தகையது, அவ்வழியே யார் நடக்க முடிந்தது என்னும் வினாவைக் கோலசிலாங்கூர் வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

கோலசிலாங்கூர், சிலாங்கூர் அரசின் பழைய தலைநகராக விளங்கிய ஊர். மெலாவத்தி மலையும் அதன் கோட்டையும் அப்பழம்பெருமைக்குச் சான்று பகர்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் இங்குப் பரவியபோது புக்கிட் ரோத்தான், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை (2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது) ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தோர் குடியேறினர். அவற்றுள் ஒன்றின் பெயரே தென்னமரம். தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டத்திலேதான் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே, இந்நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கினார். இவ்வட்டாரத் தோட்ட வாழ்வைக் கருவாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத் தமிழரின் வாழ்வு பாரிசு நகரப் படிப்பறைகளை எட்டிய அக்காலத்தில், அவர்தம் பிள்ளைகளுக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவிலிருந்த கிள்ளான் ஆங்கிலப் பள்ளி எட்டவில்லை.

அரசு ஆங்கிலப் பள்ளிகள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடத்திற்கு 1893இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1894இல் பென்னட் ஷா தலைமையாசிரியராக அமர, வகுப்புகள் தொடங்கின. அதன் முதல் அறங்காவலருள் தம்புசாமிப் பிள்ளை ஒருவர். 1920களில் அது அரசின் நேரடிப் பொறுப்பிற்குட்பட்டது. காஜாங் உயர்நிலைப்பள்ளி 1919இலும் கிள்ளான் உயர்நிலைப்பள்ளி 1928இலும் எழுந்தன. தைப்பிங்கின் ஏழாம் எட்வர்டு பள்ளியும் ஈப்போவின் ஆண்டர்சன் பள்ளியும் சிரம்பானின் ஐந்தாம் ஜார்ஜ் பள்ளியும் இவ்வகையினவே. இவை எழுத்தரையும் கணக்கரையும் ஆசிரியரையும் உருவாக்கும் நோக்குடன் நடத்தப்பட்டன. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வே இவற்றின் உச்சி. நகரங்களில் அமைந்தமைக்கும் ஆண்களுக்கென அமைந்தமைக்கும் அந்நோக்கமே காரணம். ஆங்கிலக் கல்வியை விரிவாக்கக் கூடாதென்பது ஆட்சியாளரின் கருத்தாகவும் இருந்தது. இந்தியாவில் ஆங்கிலம் கற்று வேலையின்றி நிற்போர் தந்த அச்சம் அவர்களை விடவில்லை. ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் 1890களிலேயே இதனை எச்சரித்தார். வின்ஸ்டட் 1917இல் அளித்த அறிக்கை மலாய்ப் பள்ளிக் கல்வியை நான்காண்டுகளுக்குள் அடக்கிக் கைத்தொழிலையும் தோட்டவேலையையும் வலியுறுத்தியது. வடசிலாங்கூரின் எல்லைக்கு அப்பால் தஞ்சோங் மாலிமில் 1922இல் எழுந்த சுல்தான் இத்ரிசு பயிற்சிக் கல்லூரியும் இக்கொள்கையின் விளைவேயாகும்.

இனித் தோட்டத்திற்குள் நோக்குவோம். கூட்டு மலாய் நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்துதல் வேண்டும் என விதித்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை உறுதி செய்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றிப் பயிற்சி பெற்ற ஆசிரியரைக் கேட்கவில்லை. ஆகவே கங்காணியோ கிராணியோ படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராயினர்; ஆயாக்கொட்டகையோ லயத்தின் ஓர் அறையோ பள்ளியாயிற்று. 1938இல் கூட்டு மலாய் நாடுகளில் இருந்த 547 தமிழ்ப்பள்ளிகளுள் 511 தோட்டப் பள்ளிகள். அரசு நடத்தியவை 13 மட்டுமே. ஆங்கிலப் பள்ளியைக் கட்டி நடத்திய அரசு, தமிழ்ப்பள்ளியைத் துரைமாரிடம் விட்டு மானியம் தந்து ஒதுங்கி நின்றது.

இவ்விரு பள்ளிகளையும் பிரித்தவை தொலைவும் வறுமையும் என்பது வழக்கமான விளக்கம். அது உண்மையே, ஆயினும் அதனினும் வலிய தடையொன்று இருந்தது. அது வயது. அரசு ஆங்கிலப் பள்ளியின் தொடக்க வகுப்பில் சேர்வதற்கு வயது வரம்பு இருந்தது. வகுப்பிற்குரிய வயதைத் தாண்டியவன் பள்ளியை விட்டு விலக்கப்பட்டான். தோட்டச் சிறுவனோ ஏழு அல்லது எட்டு வயதில் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து, நான்காம் வகுப்பை முடிக்கையில் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதினனாக இருந்தான். பெரும்பாலான தோட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப்படாமையால், எத்துணைத் திறமை இருப்பினும் அவன் ஆங்கிலப் பள்ளியின் முதல் வகுப்பிலேதான் அமர்தல் வேண்டும். அங்கு அமரவோ வயது இடந்தரவில்லை. ஆகவே தமிழ்ப்பள்ளியில் நன்கு படித்து முன்னேறியதே அவனுக்கு எதிராக நின்றது. அங்குக் கழித்த ஒவ்வோர் ஆண்டும் அவனை ஆங்கிலப் பள்ளியின் வாயிலிலிருந்து மேலும் ஒரு படி விலக்கியது.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் முடிவை அவனுக்கு ஆறு ஏழு வயதாகும்போதே தந்தை எடுத்தாக வேண்டியிருந்தது. பையன் படிப்பானா என்பது அப்போது யாருக்குந் தெரியாது. தெரிய வரும் காலத்தில் வாயில் அடைபட்டிருக்கும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுக்கும் ஒரு பால்மரத் தொழிலாளியிடம் இம்முன்னறிவை எதிர்பார்ப்பது நேர்மையாகாது. மலாய்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்த மாணவருள் தேர்ந்தெடுக்கப்பட்டோரை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கச் சிறப்பு வகுப்புகள் அமைந்தன. அவர்களுக்குக் கட்டணச் சலுகையும் இருந்தது. அவ்வாய்ப்புப் பெற்ற மலாய்ச் சிறுவரும் மிகச் சிலரே. எனினும் வழியென ஒன்று இருந்தது. தமிழ்ப்பள்ளி மாணவனுக்குப் போருக்கு முன் அத்தகைய வழி வகுக்கப்படவில்லை.

பணத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1930களின் இறுதியில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. மாதத்தில் இருபத்து நான்கு நாள் வேலை கிடைத்தால் ஆணின் வருவாய் பன்னிரண்டு வெள்ளி. பொருளாதார மந்தத்தின்போது இதுவுங் குறைந்தது. அதே மந்தக் காலத்தில்தான், கிளமென்டி உயர் ஆணையராக இருந்தபோது, ஆங்கிலப் பள்ளிக் கட்டணம் உயர்த்தப்பட்டது. மாதக் கட்டணத்துடன் பேருந்துக் கூலி, சட்டை, காலணி, புத்தகம் எனச் செலவுகள் சேர்ந்தன. மற்றொரு பக்கம், பத்து வயது கடந்த சிறுவன் புல்வெட்டிக் குடும்பத்திற்குச் சில காசு ஈட்டக்கூடியவன். அவன் பள்ளியிலிருக்கும் ஒவ்வொரு நாளும் அக்காசும் இழப்பே.

அப்படியாயின் தோட்டத்திலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றோர் யார்? கிராணியின் மக்கள், டிரஸ்ஸரின் மக்கள், கடைக்காரரின் மக்கள். கிராணிகளுட் பலர் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய கல்விக்கூடமும் அதன்வழி வந்த பள்ளிகளும் யாழ்ப்பாணத்தாருக்கு ஆங்கிலத்தை முன்பே அளித்திருந்தன. மலாயா இரயில்வேயும் அரசு அலுவலகங்களும் அவர்களை அழைத்துக்கொண்டன. மாதச் சம்பளமும், நகரில் தங்க உறவினர் வீடும், எந்த வயதில் எந்த வகுப்பு என்னும் அறிவும் அவர்களிடம் இருந்தன. இவற்றுள் மூன்றாவதே அருமையானது என்பது எம் கருத்து. ஒரே தோட்டத்தில் பிறந்த இரு தமிழ்ச் சிறுவருள் ஒருவன் எழுத்தராகவும் மற்றவன் அவனிடம் பெயர் கொடுக்கும் வெட்டுக்காரனாகவும் ஆனது இவ்வாறுதான். மலேசியத் தமிழரிடையே இன்றளவும் பேசப்படும் வகுப்புப் பிரிவினைக்குச் சாதி, ஊர் ஆகியவற்றோடு பள்ளியும் ஒரு காரணம்.

தமிழ்ப் பெற்றோர் கல்வியில் அக்கறையற்றவர் என அக்கால அதிகாரிகளும் தோட்ட நிருவாகிகளும் கூறி வந்தனர். நம்மவருள்ளும் சிலர் அதனை அப்படியே வழிமொழிந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் இக்கூற்றை மறுக்கின்றன. கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டுமென்பதும் அவற்றுள் ஒன்றாகும். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டுமென்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்போம். கிராணியின் மேலாண்மை ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தது என்பதைத் தொழிலாளர் நன்கறிந்திருந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஆங்கிலப் பள்ளிகளின் பணி முறிந்தது. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். 1945க்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது எல்லா இன மாணவருமே வயது கடந்தவராய் நின்றனர். முன்னர்த் தோட்டச் சிறுவனை மட்டும் தடுத்த வரம்பு இப்போது அனைவரையும் தடுத்ததால், அது தளர்த்தப்பட்டது. எனினும் இத்தளர்வால் பயன்பெற்றோர் ஆண்மக்களே. நகர ஆங்கிலப் பெண்கள் பள்ளிகளுட் பெரும்பாலானவற்றைக் கிறித்துவ சபையினரே நடத்தினர். தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமந்த தோட்டப் பெண்பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளியின் நான்காம் வகுப்பே தொலைவானதாக இருந்தது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு ஒழுங்கான வழி, விடுதலைக்குப் பின்னரே உருவாயிற்று. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1960ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையும் அதற்கு அடிகோலின. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பயின்று முதற்படிவத்தில் சேர்ந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு மறுக்கப்பட்ட அவ்வோராண்டு மகனுக்குக் கிடைத்தது. ஆயின் அதே காலத்தில் ஐரோப்பியர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றமையால் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1970இல் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகளின் முதலாம் ஆண்டிலிருந்து பயிற்றுமொழி மலாயாக மாறத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்திற்குள் இடைநிலைப் பள்ளிகளிலும் அம்மாற்றம் நிறைவுற்றது. கோலசிலாங்கூர்த் தோட்டச் சிறுவர் பெருந்தொகையாக இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்த காலம் இதுவே. அவர்கள் கற்க நேர்ந்த புதிய மொழி மலாய்.

இவ்வட்டாரத்திற்கென விரிவான ஆய்வு எழுத வேண்டுமாயின், பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து தொடங்குதல் வேண்டும். மாணவன் பெயருக்கு எதிரே பிறந்த ஆண்டையும் தந்தையின் தொழிலையும் பள்ளியை விட்ட நாளையும் காட்டும் ஏடுகள் அவை. தோட்டங்கள் கைமாறும்போதும் பள்ளிகள் இடம்மாறும்போதும் முதலில் எரிக்கப்படுவனவும் அவ்வேடுகளே. வடசிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்கள், தம் பள்ளி அலமாரியில் எஞ்சியிருப்பவற்றைப் படியெடுத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறோம்.