திப்பியாக் கல்லூரி கண்ட ஆயுர்வேதம்

மருத்துவம் நம் நாட்டில் நெடுங்காலம் வீட்டுச் சொத்தாகவே இருந்து வந்தது. தந்தை மகனுக்குச் சொல்வார். ஆசான் தம் மனத்துக்கு உவந்த மாணாக்கனுக்குச் சொல்வார். ஏட்டில் எழுதியது பாதி; எழுதாமல் கைப்பாகமாக வைத்துக்கொண்டது மறுபாதி. வாரிசு இல்லாமல் வைத்தியர் மறைந்தால், அவர் வீட்டு மருந்தும் அவரோடு மண்ணுக்குள் போயிற்று. இந்தப் பூட்டைத் திறந்தவை மருத்துவமனையோடு கூடிய கல்லூரிகளே. வைத்தியனுக்குப் பிள்ளையாகப் பிறவாதவனும் வைத்தியம் கற்கலாம். ஆனால், கற்றதை நோயாளியின் கட்டிலருகே பலர் முன்னிலையில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நெறியை அவை கொண்டுவந்தன. அவற்றுள் டில்லி கரோல்பாக்கில் உள்ள ஆயுர்வேத யூனானி திப்பியாக் கல்லூரியின் வரலாறு நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ‘திப்’ என்ற அரபுச் சொல்லுக்கு மருத்துவம் என்பதே பொருள். ஆயுர்வேதத்துக்கு அங்கே ஆசனம் இட்டவர் ஹக்கீம் அஜ்மல் கான்.

1868இல் பிறந்த அஜ்மல் கான், முகலாயர் காலந்தொட்டே டில்லியில் புகழ்பெற்று விளங்கிய ஷரீஃபீ ஹக்கீம்களின் குடும்பத்தவர். அவருடைய மூத்த சகோதரர் ஹக்கீம் அப்துல் மஜீத் கான், 1880களிலேயே டில்லியில் மதரஸா திப்பியா என்னும் மருத்துவப் பள்ளியை நிறுவியிருந்தார். சகோதரர்களின் மறைவுக்குப் பின் அப்பொறுப்பு அஜ்மல் கானின் தோளில் விழுந்தது. 1909இல் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கப் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாகத் தம் குடும்பம் காத்துவந்த மருந்து முறைகளை ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்தகத்துக்கு அளித்து, அதன் வருவாயைக் கல்விப் பணிக்கு உரிமையாக்கினார். வீட்டுக்குள் இருந்ததை வீதிக்குக் கொண்டுவந்த அச்செயலின் துணிவு, வைத்தியக் குடும்பங்களின் வழக்கம் அறிந்தவர்களுக்கே விளங்கும்.

அன்றைய அரசியலும் அவரை விரைவுபடுத்தியது. மேலை மருத்துவம் கற்றவர்களை மட்டுமே பதிவேட்டில் சேர்க்கும் சட்டம் பம்பாயில் 1912இலும் சென்னையில் 1914இலும் வந்தது. வைத்தியரும் ஹக்கீமும் சட்டத்தின் கண்ணில் மருத்துவர்களே அல்லர் என்னும் நிலை உருவாயிற்று. வரப்போவதை முன்னரே உணர்ந்த அஜ்மல் கான், 1910இல் இரு சாராரையும் ஒரே மாநாட்டில் கூட்டினார். தனித்தனியே நின்றால் இரண்டும் அழியும் என்பது அவர் கணிப்பு. ஆயினும், கூடிக் குரல் எழுப்புவதால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

1911இல் அவர் ஐரோப்பா சென்றார். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நடந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கே டாக்டர் ஸ்டான்லி பாய்ட் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் நோய் பித்தப்பையில் என்றாராம். அஜ்மல் கான் நாடி பார்த்து, குடலின் தொடக்கத்தில் புண் என்றாராம். மறுநாள் வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹக்கீமின் கூற்றே மெய்யாயிற்று என்பர். இக்கதையைச் சொல்வோர் நாடியின் பெருமையைச் சொல்லி நிறுத்திவிடுவர். நாம் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. நாடி சொன்னது சரியா என்று தீர்ப்பளித்தது அறுவை மேசை. அப்படித் தீர்ப்பளிக்கும் இடம் நம் மருத்துவத்துக்கும் வேண்டும் என்பதே அவர் கட்டிய கல்லூரியின் உட்பொருள் எனலாம்.

1916 மார்ச் 29ஆம் நாள் வைசிராய் ஹார்டிஞ்சுப் பிரபு புதிய கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13ஆம் நாள் அதைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் அது. அஜ்மல் கானும் அரசு அளித்த ‘ஹாஸிகுல் முல்க்’ பட்டத்தைத் துறந்துவிட்டிருந்தார். இருப்பினும் அந்த விழாவிலேயே ஹார்டிஞ்சுத் தம்பதியரின் உருவப்படங்களைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். நன்றி வேறு, அரசியல் வேறு என்ற பண்பு அது. மேலை விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கையை அன்று போற்றிய காந்தியடிகள், அவ்வேட்கை நம் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் இல்லாததை முகத்துக்கு நேரே குறிப்பிட்டார். கசப்பான மருந்துதான், விழா வீட்டார் அதை விழுங்கிக்கொண்டனர்.

ஆயுர்வேதத்துக்கும் இது புறம்பான கோட்பாடு அன்று. கத்தி பிடிக்கும் மாணவன் பூசணி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் முதலில் பழக வேண்டும் என்கிறது சுசுருத சங்கிதை. உடலை ஓடும் நீரில் ஊறவைத்து, தோலைப் படிப்படியாகத் தேய்த்து நீக்கி, உள்ளுறுப்புகளைக் கண்ணால் காண வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. பிற்காலத்தில் கத்தி கைமாறிற்று. சுலோகம் மட்டும் மனப்பாடமாக எஞ்சியது.

அரபு மண்ணும் இந்நூலை அறியும். பக்தாதில் அப்பாசியரின் அமைச்சராயிருந்த யஹ்யா இப்னு காலித் பர்மகீயின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் சுசுருதத்தை அங்கிருந்த மருத்துவமனையின் பயன்பாட்டுக்கென மொழிபெயர்த்தார் என்று இப்னு நதீம் தம் நூற்பட்டியலில் குறித்துள்ளார். சரகமும் பாரசீக வழியாக அரபுக்குச் சென்றது. அலீ இப்னு ரப்பன் தபரீ ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’வில் இந்திய மருத்துவத்துக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார். பக்தாத் மருத்துவமனையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சந்தித்த இரு மரபுகளே டில்லியில் மீண்டும் சந்தித்தன.

அச்சந்திப்பு வீண்போகவில்லை. அஜ்மல் கான் 1927 டிசம்பரில் காலமானார். அவர் விருப்பப்படி கல்லூரியில் அமைந்த ஆராய்ச்சிக் கூடத்தில், வேதியியலறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். இதயத் துடிப்பின் கோளாறுகளை ஆராய மேலை மருத்துவர்கள் இன்றும் அதனைக் கையாள்கின்றனர். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ரிசர்பின், இரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று. வைத்தியரும் ஹக்கீமும் நெடுநாள் அறிந்திருந்த வேர்தான். ஆய்ந்து பார்த்தபின் உலகம் அதை ஏற்றது.

இதே காலத்தில் சென்னையிலும் இதையொத்த முயற்சி நடந்தது. பனகல் அரசரின் ஆட்சியில் 1921இல் அமைந்த குழுவுக்குத் தலைவர் முகம்மது உஸ்மான். செயலாளர் மேலை மருத்துவம் பயின்ற காப்டன் சீனிவாசமூர்த்தி. 1923இல் அறிக்கை வந்தது; 1925இல் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசு இந்திய மருத்துவப் பள்ளி, சீனிவாசமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு எழுந்தது. அங்கே நம் மருத்துவத்தோடு மேலை மருத்துவமும் கலந்தே போதிக்கப்பட்டது. நாளடைவில் கலவையில் ஒரு பக்கமே கனத்தது. 1960இல் அந்நிறுவனம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக, முழுவதும் மேலை மருத்துவம் கற்பிக்கும் இடமாக மாறிவிட்டது.

டில்லிக் கல்லூரிக்கும் சோதனை வராமல் இல்லை. 1947ஆம் ஆண்டுக் கலவரத்தில் அதன் பணிகள் நிலைகுலைந்தன. நிர்வாகிகள் சிலர் பாகிஸ்தான் சென்றனர். எஞ்சியோரிடையே வழக்குகள் மூண்டன. 1952இல் தனிச் சட்டம் இயற்றி அதற்கு ஒரு வாரியம் அமைத்தனர். 1998இல் டில்லி அரசே அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஆயுர்வேதமும் யூனானியும் தத்தம் பெயரோடு, தத்தம் பட்டத்தோடு, ஒரே வளாகத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றன. நான்கரை ஆண்டுப் படிப்பு, பின்னர் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்பது இன்றைய ஆயுர்வேதப் பட்டத்தின் ஒழுங்கு.

சென்னையும் டில்லியும் தரும் பாடத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பிறர் கலையைக் கற்பதால் ஒரு கலை கெடுவதில்லை. தன் சொந்த மருந்தைத் தன் சொந்தக் கட்டிலில் சோதிப்பதை விட்டுவிட்டால்தான் கெடுகிறது. அறுவை மருத்துவத்தில் முதுகலை பயிலும் ஆயுர்வேத மாணவர்கள் 58 வகை அறுவைகளைக் கற்றுச் செய்யலாம் என்று 2020 நவம்பரில் அறிவிக்கை வெளிவந்தபோது, மேலை மருத்துவர்கள் நாடெங்கும் எதிர்த்தனர். ‘சுசுருதர் எங்களவர்’ என்பது அதற்குப் போதிய விடை ஆகாது. பூசணியில் பழகிய கை எங்கே, எத்தனை நோயாளிகளிடம் தேர்ந்தது, விளைவு என்ன என்ற கணக்கே விடையாகும். அக்கணக்கை எழுதும் இடம் மருத்துவமனை. முன்னோர் தேடிவைத்த செல்வத்தைப் பலர் முன்னிலையில் உரசிப் பார்க்க அஞ்சாத ஒருவர் டில்லியில் வாழ்ந்தார். அவர் எழுப்பிய கல்லூரியில் பயில்வோர் அந்த அஞ்சாமையையும் சேர்த்துக் கற்பார்களாயின், இரு மருத்துவங்களும் பிழைக்கும், நோயாளியும் பிழைப்பான்.