சோப்புத் தூளும் மளிகைச் சீட்டும்: மாதச் செலவு எங்கே கரைகிறது?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்தபின் சகோதரர் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். மளிகைக் கடையில் 18 ஆயிரம் ரூபாய் பாக்கி ஏறிவிட்டது. "மனைவியின் வளையலை அடகு வைக்கச் சொல்கிறார்கள் ஹஜ்ரத். வட்டி ஹராம் என்று தெரியும். வேறு வழி தெரியவில்லை" என்றார். சம்பளம் குறைவில்லை. வீண் பழக்கம் எதுவும் கிடையாது. கடைச் சீட்டுகளை எடுத்து வரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தோம். பெரிய செலவு என்று ஒன்றுகூட இல்லை. சோப்புத் தூள், துணிக்கு வாசனைத் திரவம், மசாலாப் பொட்டலம், பிஸ்கட், எண்ணெய் என்று பத்தும் ஐம்பதும் நூறுமாகப் போயிருந்தது. நம் வீட்டுச் சீட்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் துணி. நம் வீடுகளில் நுரை அதிகம் வந்தால்தான் அழுக்குப் போகும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. நுரை வேறு, அழுக்கை எடுப்பது வேறு. தூள் கூடிப்போனால் அது துணியிலேயே தங்கி மொடமொடப்பாகும். அலச இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக வேண்டும். பொட்டலத்தில் இரண்டு கரண்டி என்று போட்டிருந்தால் தட்டையாக இரண்டு கரண்டிதான், குவித்து மூன்று அல்ல. மாதம் ஒரு கிலோ போதுமான வீட்டில் ஒன்றரை கிலோ செலவானால், கிலோ 120 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 720 ரூபாய் வாய்க்காலில் போகிறது.

கடற்கரை ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் பகுதிகளிலும் சிக்கல் தூளில் அல்ல, தண்ணீரில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். எண்ணெயில் செய்த பார் சோப்பு இவற்றோடு சேர்ந்து பிசுக்காகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை ஜிப்பா நாலு துவைப்பில் மங்கிப்போவது இதனால்தான். இந்தத் தண்ணீருக்கு டிடர்ஜென்ட் தூளோ டிடர்ஜென்ட் கட்டியோ ஏற்றது. உறையிலேயே அந்தச் சொல் இருக்கும். சலவை சோடா கிடைத்தால் ஒரு வாளிக்கு ஒரு கரண்டி முதலில் கரைத்து, பிறகு தூளைப் போடுங்கள். தண்ணீரின் கடினம் குறையும், தூளும் குறைவாகவே பிடிக்கும். இது சமையல் சோடா அல்ல. கையை அரிக்கும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. மழை நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்து வெள்ளைத் துணிகளை அதில் துவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ப்ளீச்சிங் பவுடர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் அதைப் போட்டால் துணி வெளுப்பதற்குப் பதிலாக மஞ்சளாகும். கறை போகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் கொட்டுவார்கள், மேலும் மஞ்சளாகும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு அது கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே மூலையில் வைப்பதே ஆபத்து.

காலர், கைப்பட்டை போன்ற இடங்களில் முதலில் கட்டியைத் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டுத் துவைத்தால் போதும். மதரஸா விடுதியில் ஓதிய காலத்தில் ஒரு கட்டி சோப்பை நூலால் இரண்டாக அறுத்து, பாதியைப் பெட்டியில் பூட்டி வைப்போம். தண்ணீரில் கிடக்காத சோப்பு இரு மடங்கு நாள் வரும் என்பது அங்கே கற்ற பாடம். துண்டு, பூத்துவாலைகளுக்கு வாசனைத் திரவம் போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். கல்யாணப் பட்டுக்கு இன்றும் பூந்திக்கொட்டைக்கு மிஞ்சியது கிடையாது.

இன்னொன்று, இது நம்மிடம் தாய்மார்கள் அடிக்கடி கேட்பது. குழந்தை சிறுநீர் கழித்த துணி சுத்தமாக இத்தனை முறை சோப்புப் போட வேண்டும் என்று கணக்கில்லை. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் நஜீஸை நீக்க சோப்பு ஒரு நிபந்தனையே அல்ல. முறைப்படி கழுவியபின் போக மறுக்கும் கறையின் நிறம் மட்டும் தங்கியிருந்தால் தொழுகைக்குத் தடையில்லை. மருந்து வாசனை வரும்வரை கிருமிநாசினி ஊற்றுவது மார்க்கமல்ல, வஸ்வாஸ்.

இனி மளிகை. "பெரிய பொட்டலம்தான் லாபம்" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். உதாரணமாக, ஒரு கிலோ 118 ரூபாய் என்றும், அதே தூளின் பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் 90 கிராம் என்றும் வையுங்கள். சின்னதில் கிலோ 111 ரூபாய்தான் விழுகிறது! ஷாம்பூ பாக்கெட்டுகளிலும் பல சமயம் இப்படித்தான். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று இப்போது அச்சிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். விலை அதே பத்து ரூபாயாக இருக்க, எடை மட்டும் சத்தமில்லாமல் இறங்குவதும் அதில் பிடிபடும். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையே கேட்டால் காரணம் கேளுங்கள்.

ரேஷன் கடைக்குப் போக நம்மில் சிலருக்குக் கூச்சம். தமிழகத்தில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. வெளியே நூறைத் தாண்டி விற்கும் பருப்பை 30க்கு விட்டுவிட்டு வருவதில் என்ன கௌரவம் இருக்கிறதோ, நமக்குப் புரியவில்லை. அரிசி ருசிக்கவில்லை என்றால் ஆப்பத்துக்கும் இடியாப்ப மாவுக்கும் ஆகும்.

மசாலாவில் மிச்சம் அதிகம். பொட்டலத் தூளைவிட, மிளகாயும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்தால் செலவும் குறையும், என்ன சாப்பிடுகிறோம் என்றும் தெரியும். மாசி, பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்துப் புது மிளகாய் சந்தைக்கு வரும், புளியும் அப்போதுதான். வருடத்துக்கான புளியைக் கொட்டை எடுத்து, உப்புத் தூவி மண்சட்டியில் அடைத்துவிடலாம். அரைத்த தூளைச் சூடு ஆறாமல் டப்பாவில் மூடாதீர்கள், வண்டு வைக்கும். நோன்பு மாதம் சில ஆண்டுகளாக இதே பருவத்தை ஒட்டி வருவதால் இரண்டு செலவும் ஒன்றாக விழுகின்றன. எனவே ஷஃபானிலேயே பட்டியல் போடுவது உதவும். நோன்பு வைத்துக்கொண்டு அஸருக்குப் பின் கடைவீதி போகிறவர் எதைப் பார்த்தாலும் வாங்குவார். நாமும் அப்படி வாங்கியவர்கள்தான்.

கடனுக்கு வாங்குவோர் கவனிக்க. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆனால் நம் வீடுகளில் கணக்கு நோட்டு கடைக்காரரிடம் மட்டும்தான் இருக்கிறது. வீட்டிலும் ஒன்று வேண்டும். பையன் போய் வாங்கிய பிஸ்கட் உட்பட அன்றன்றே எழுதி, வாரம் ஒருமுறை கடை நோட்டோடு ஒப்பிடுங்கள். சகோதரர் கணக்கில் இருமுறை ஏறியிருந்த எண்ணெய் டின் அப்படித்தான் தெரியவந்தது. கடைக்காரர் உடனே அடித்துக் கொடுத்தார், மீதியை மாதம் 2 ஆயிரமாகத் தரவும் ஒப்புக்கொண்டார். வளையல் அடகுக்குப் போகவில்லை. பாக்கி தீர ஒன்பது மாதம் ஆயிற்று.