விரல் ரேகையும் ஆள்மாறாட்டமும்

ஒருவர் பெயரைச் சொல்லி அவர்தம் பொருளை மற்றொருவர் கவர்ந்து செல்லும் ஆள்மாறாட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. அதனைத் தடுக்கக் கண்ட வழிகளுள் தலையாயது விரல் ரேகை. அது காவலாய் வந்த வரலாற்றையும், பின்னர்க் கள்வர்க்கே கருவியான விதத்தையும் ஈண்டு நோக்குவோம்.

1858ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, பாதை போடுவதற்கான சரளையைப் பெற, ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். கையொப்பத்தைப் பின்னாளில் அவர் மறுத்துவிடாதிருக்கும் பொருட்டு, அவருடைய உள்ளங்கையில் மை தடவிப் பத்திரத்தின் பின்புறத்தில் பதியச் செய்தார். அன்று ஓர் அச்சுறுத்தலாகவே செய்த அக்காரியம், ரேகைகளைப் பற்றிய நெடுங்கால ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்டிரேட்டாக இருந்த ஹெர்ஷல், உபகாரச் சம்பளம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைக் கைதிகள் ஆகியோரிடம் ரேகை வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒருவர்க்குரிய பணத்தை வேறொருவர் வந்து வாங்கிச் செல்லாதபடி தடுப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. 1897இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் எட்வர்டு ஹென்றிக்குத் துணைநின்ற அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்தியரின் உழைப்பு நாம் மறக்கத்தகாதது. 1901இல் அம்முறை லண்டன் மாநகரக் காவல் துறையிலும் இடம்பெற்றது.

2010 முதல் வழங்கப்பட்ட ஆதார் எண்ணோடு விரல் ரேகையும் இணைந்தது. சிற்றூரில் வாழும் முதியவர் வங்கி முகவரின் கருவியில் விரல் வைத்தே தம் பணத்தைப் பெறும் வசதி உண்டாயிற்று. ஆனால் 2023இல் மேற்கு வங்காளம் முதலிய இடங்களில் பலர், தாம் அறியாமலே தம் கணக்கிலிருந்து பணம் போனதைக் கண்டு திகைத்தனர். பதிவான பத்திரங்களின் நகல்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் போலி விரல் செய்து பணம் எடுக்கும் சூது வெளிப்பட்டது. பத்திரத்தைக் காக்க வைத்த ரேகையே வங்கிக் கணக்கைத் திறக்கும் கள்ளச் சாவியாயிற்று!

இதிலிருந்து நாம் அறிவது யாது? ரேகை அடையாளமேயன்றி இரகசியமன்று. களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். விரலை மாற்றல் இயலுமோ? எனவே ஒரே அடையாளத்தைத் தனிக் காவலாக நம்பியிருத்தல் தகாது. ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. தேவையானபோது மட்டும் அதனைத் திறக்கலாம். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், ஏற்பார்களாயின், எண்ணின் முற்பகுதி மறைக்கப்பட்ட நகலையே தருதல் நன்று. தொலைபேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணை, வங்கி அதிகாரி என்று சொல்லிக் கேட்பவர்க்கும் உரைத்தலாகாது. பணம் போனது தெரிந்தவுடன் வங்கிக்கும், 1930 என்னும் உதவி எண்ணுக்கும் அறிவித்தல் வேண்டும்; தாமதம் கள்வனுக்கே துணையாகும்.

விரல் வைக்கும் எளியவரின் பணமும் கையொப்பமிடுபவரின் பணம்போலவே காக்கப்படவேண்டும். அன்று ஹூக்ளியில் தொடங்கிய காவல் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனை நிறைவு செய்யும் பொறுப்பு வங்கிக்கும் அரசுக்கும் உரியது. விழித்திருக்கும் கடமை நம் அனைவர்க்கும் உரியது.