பாடு (சொல்)

பாடு என்பது 'படு' என்னும் வினையடியின் முதலெழுத்து நீண்டு உருவான சொல். பள்ளி இலக்கணத்தில் இது முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டு. துறைக்குத் துறை இதன் பொருள் மாறுகிறது. திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காடு ஏரியில் இது ஒரு மீன்பிடி முறையின் பெயர்.

பல துறைகளில்

அகப்பொருள் இலக்கணத்தில் நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. 'எல்' என்பது கதிரவன். இங்கே 'பாடு' அதன் சாய்வைக் குறிக்கும். கிறித்தவ வழக்கில் 'பாடுகள்' என்றால் இயேசு பட்ட துன்பங்கள். கடற்கரைப் பேச்சில் 'மீன்பாடு' என்பது வலையில் கிடைத்த மீனின் அளவு. 'அவரவர் பாடு' என்னும்போது அது பொறுப்பாகிறது.

ஏரியில்

முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குவதால் அதன் அருகில் இறால் அதிகம் கிடைக்கும். நல்ல இடத்தைச் சிலரே பிடித்துக்கொண்டால் பூசல் வரும். அதைத் தவிர்க்க, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் இடங்களை முறைவைத்துச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொண்டனர். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம் வரும். ஆகவே இங்கே 'பாடு' என்பது வலை வைக்கும் இடம், வலை வைக்கும் முறை, வைப்பதற்கான உரிமை ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிக்கிறது.

இந்த உரிமை எல்லோருக்கும் உரியதன்று. நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்குப் பாடு இல்லை. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின், பாடு இல்லாத பிற சமூகத்தாரும் ஏரியில் வலை வைக்க முற்பட்டனர், மோதல்கள் எழுந்தன. உள்ளே இருப்போர் பாட்டை நீதியான பங்கீடு என்றனர். வெளியே இருப்போர் அதை அடைத்த கதவாகக் கண்டனர்.

இலங்கையில்

இச்சொல் இலங்கையிலும் உண்டு. அங்கே கரைவலை இழுக்கும் கடற்கரைப் பகுதி பாடு எனப்படுகிறது. நீர்கொழும்புக் களப்பில் இறால் பிடிக்கும் கட்டுவலை இடங்களும் சீட்டு முறையில் பகிரப்படுகின்றன. அவ்வழக்கம் 1958இல் அரசு ஒழுங்குவிதியாகவே எழுதப்பட்டது. பழவேற்காட்டில் பாடு ஊர் வழக்காகவே நின்றது.

ஆவணங்களில் பாட்டை 'மீன்பிடி இடம்' என்று மட்டும் குறித்தால், முறையும் உரிமையும் விடுபடும். 'வழிவழி உரிமை' என்று மட்டும் குறித்தால், அந்த உரிமைக்கு வெளியே அதே நீரை நம்பி வாழ்வோர் விடுபடுவர்.