மண்சரிவு அபாயமும் தோட்டக் குடும்பங்களின் ஆயத்தமும்

சப்ரகமுவ மாகாணத்தின் மலைச்சரிவுகளில் வாழும் மக்களுக்கு மழை வாழ்வாதாரமாகவும் அச்சுறுத்தலாகவும் விளங்குகின்றது. இரத்தினபுரி பிரதேசம் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழையைப் பெறுகின்றது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உயிரூட்டும் இம்மழையே, தென்மேல் பருவப்பெயர்ச்சி ஆரம்பமாகும் மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ காலத்திலும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டு வருகின்றது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள கஹவத்தையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

2003ஆம் ஆண்டு மே மாதம் தென்மேற்கு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டன. இரத்தினபுரி மாவட்டமே அதில் பேரிழப்பைச் சந்தித்தது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதேநாளில் புளத்கொஹுபிட்டிய பகுதியில் தோட்டக் குடியிருப்பொன்று மண்ணுள் புதையுண்டது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்கள் மீண்டும் அழிவைக் கண்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி நாடளாவிய ரீதியில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்களில் பெருந்தொகையானோர் மலையகத்தின் மண்சரிவுகளிலேயே மாண்டனர்.

இவை அனைத்திலும் நாம் மறக்கக்கூடாத பாடம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் இருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்கு லயன் குடியிருப்புகள் மண்ணுள் மூடுண்டன. அந்த இடம் அபாயமானது என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எனினும் மக்கள் பாதுகாப்பான மாற்றிடத்தில் குடியமர்த்தப்படவில்லை. எச்சரிக்கை மாத்திரம் உயிர்களைக் காப்பாற்றுவதில்லை என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

ஆகவே, எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு உரிய வேளையில் வெளியேறுவதே குடும்ப மட்டத்திலான ஆயத்தத்தின் அடிப்படையாகும். மேற்படி நிறுவனம் மழைவீழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு மூன்று கட்டங்களை வகுத்துள்ளது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனடியாக வெளியேறிவிட வேண்டும்.

மழையை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நேரான பக்கங்களைக் கொண்ட பிளாஸ்டிக் போத்தலொன்றின் மேற்பகுதியை வெட்டி, அதனைத் தலைகீழாகப் புனல்போல் பொருத்திக்கொள்ளலாம். அடிப்பகுதி சமமாக இராதாகையால், நேரான பகுதி ஆரம்பிக்கும் இடம்வரை நீரை நிரப்பி அவ்விடத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதற்கு மேல் மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டிவிட வேண்டும். கூரையோ மரமோ மறைக்காத வெளியில் இதனை நிறுத்தினால், லயன் வரிசைக்கு ஒன்று போதுமானதாகும். பாடசாலை மாணவர் ஒருவரே இதனை வாசித்து அயலவர்க்கு அறிவிக்க முடியும்.

மலையும் தனது அறிகுறிகளைக் காட்டவே செய்கின்றது. நிலத்திலும் சுவர்களிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், கதவுகளும் யன்னல்களும் திடீரென இறுகுதல், முன்னர் இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், ஓடை நீர் கலங்குதல் அல்லது சட்டென வற்றுதல் ஆகியன புறக்கணிக்கப்படக்கூடாதவை. இவற்றைக் கண்டால் மழை அளவு எட்டும்வரை காத்திராது வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவிப்பதும் அவசியமாகும்.

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள், வங்கிப் புத்தகம், நோயாளரின் மருந்துகள், டோர்ச் விளக்கு, குழந்தைக்கான பால்மா என்பவற்றை நீர் புகாத பையொன்றில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். முதியோரையும் கர்ப்பிணிகளையும் யார் அழைத்துச் செல்வது, எந்தப் பாதையால் செல்வது என்பன மழைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். சரிவான நிலத்தையும் ஓடையையும் கடந்து செல்லும் பாதையைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனமாகும்.

ஆனால், இவ்வளவும் செய்த பின்னரும் தோட்டக் குடும்பமொன்றினால் கடக்க முடியாத எல்லை உண்டு. தான் வாழும் லயன் அறை அக்குடும்பத்துக்குச் சொந்தமானதல்ல. பின்புற மண்மேட்டுக்குத் தாங்குசுவர் கட்டவோ, பாதுகாப்பான இடமொன்றுக்கு வீட்டை மாற்றவோ அதற்கு உரிமையில்லை. இரவில் வெளியேறினால் உடைமைகளுக்கு யார் பொறுப்பு, மறுநாள் வேலைக்குச் செல்லாவிடின் நாட்சம்பளம் கிடைக்குமா என்ற கேள்விகள் அதன் கால்களைக் கட்டிப்போடுகின்றன. தோட்ட மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை எனக் குறைகூறுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எனவே, பொறுப்பு உரியவர்களிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும். அபாயப் பகுதியிலுள்ள லயன்களின் பட்டியலைப் பெரட்டுக் களத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் தோட்ட நிர்வாகம் காட்சிப்படுத்த வேண்டும். தோட்டக் கான்களை மழைக்கு முன்னர் துப்புரவாக்குவதும், வெளியேறிய நாட்களுக்கான சம்பளத்தை வெட்டாதிருப்பதும் அதன் கடமையாகும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் சேவையாற்றுவதற்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்துடன் நீக்கப்பட்டுள்ளதால், வெளியேறும் பாதைகளைச் சீரமைக்காமைக்கு இனிக் காரணம் கூற முடியாது.

எச்சரிக்கைகள் சிங்களத்தில் வெளியாகும் அதே நேரத்தில் தமிழிலும் வெளியாக வேண்டும். டித்வா வேளையில் தமிழ்மொழி அறிவித்தல்கள் தாமதித்தமை பலத்த விமர்சனத்துக்குள்ளானது. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் நள்ளிரவிலும் பயன்படக்கூடியவை. அவற்றின் பொறுப்பாளர்களைப் பிரதேச செயலகம் அனர்த்தக் குழுக்களில் இணைத்துக்கொள்ளல் சாலச் சிறந்தது. மலை சரியும்போது அது இனமோ மதமோ பார்ப்பதில்லை.

நிரந்தரத் தீர்வு, பாதுகாப்பான நிலத்தில் உறுதிப்பத்திரத்துடன் கூடிய தனி வீடுகளே ஆகும். மீரியபெத்தையில் அனர்த்தத்துக்குப் பின்னரே வழங்கப்பட்ட வீடுகள், கஹவத்தையிலும் அதனையொத்த ஏனைய இடங்களிலும் அனர்த்தத்துக்கு முன்னரே வழங்கப்பட வேண்டும். அதுவரையில், ஒவ்வொரு லயன் வரிசையும் ஒரு மழைமானியையும், ஒரு பையையும், ஒரு பாதுகாப்பான பாதையையும் தயார்செய்து கொள்வது காலத்தின் தேவையாகும். அடுத்த பருவமழைக்கு முன்னர் சம்பந்தப்பட்ட அதிகாரிகளும் தோட்ட நிர்வாகங்களும் தமது பங்கை நிறைவேற்ற வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.