காசும் கேஷும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'கேஷ்' என்பதும் ஒன்று. கையிலுள்ள ரொக்கத்தை அது குறிக்கும். நம் 'காசு' என்னும் சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்து நிற்பதால், 'காசே கேஷ் ஆயிற்று' என்று வகுப்பிலும் மேடையிலும் கூறி மகிழ்கிறோம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன் ஆங்கில அகராதியைக் கொணர்ந்து, "ஐயா, இச்சொல் பெட்டி என்னும் பொருளிலிருந்து வந்தது என்றல்லவா இதில் உள்ளது?" என்று வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அகராதி கூறியது உண்மையே. இலத்தீனில் 'கப்சா' என்றால் பேழை. அதுவே இத்தாலியத்தில் 'கஸ்ஸா' என்றாகிப் பணப்பெட்டியைக் குறித்தது. 1494இல் வெனிசு நகரில் அச்சான லூக்கா பச்சோலியின் கணக்கியல் நூலில், ரொக்கக் கணக்கிற்கு 'கஸ்ஸா' என்பதே பெயர். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததோ 1498இல். எனவே, அவ்வித்தாலியச் சொல் தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சென்றிருக்க இயலாது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இதனைப் பிரெஞ்சு அல்லது இத்தாலிய மொழியிலிருந்து பெற்றனர். முதலில் பெட்டியைக் குறித்த சொல், பின்னர்ப் பெட்டியிலுள்ள பணத்திற்கு ஆயிற்று. நம் இலக்கணம் கூறும் இடவாகுபெயரை ஒத்த மாற்றம் இது. 'கேஷியர்' என்னும் பெயர்ச்சொல்லும் இவ்வழி வந்ததே. படைவீரனை இழிவுபடுத்திப் பணிநீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினைச்சொல்லோ, உடைத்தல், தள்ளுபடி செய்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து டச்சு வழியாக வந்தது. வடிவம் ஒன்றே, வேர் வேறு.

ஆயின், கதை இத்துடன் முடியவில்லை. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளால் எழுதப்படும் மற்றொரு 'கேஷ்' உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறுமதிப்பு நாணயங்களின் பெயர் அது. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்பட்ட சீனச் செப்புக்காசுகளையும் ஆங்கிலேயர் அப்பெயராலேயே அழைத்தனர். யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுக்க 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதி, இதன் மூலம் தமிழ்க் 'காசு' எனக் காட்டுகிறது. காசினை வடமொழியின் 'கர்ஷ' என்னும் எடைப்பெயரோடு இணைப்பாரும் உளர். போர்த்துக்கீசியர் தம் மொழியில் பெட்டிக்கு வழங்கிய 'கைஷா' என்னும் சொல்லின் வடிவத்தையே நம் காசுக்கும் அளித்தனர். அவர்கள் வாயிலாகவே அது ஆங்கிலத்தை அடைந்தது. இவ்வாறு, தொடர்பில்லா இரு சொற்கள் ஒரே உருவில் வந்து கலந்தன.

சென்னையில் ஆங்கிலக் கும்பினியார் ஆட்சியில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் முறை வரும்வரை இக்கணக்கே நிலவியது. சென்னைக்கென 1808ஆம் ஆண்டு பொறித்து இங்கிலாந்தில் அச்சடிக்கப்பட்ட 10 காசு, 20 காசு நாணயங்களைச் சுமந்து வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணற்றிட்டில் மூழ்கியது. 1980களில் அந்நாணயங்கள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. அவற்றில் ஆங்கில எழுத்தில் பொறித்துள்ள 'கேஷ்', ஐயமின்றி நம் காசே.

தமிழில் இச்சொல்லின் பொருட்பரப்பும் சிறிதன்று. காசு என்பது நாணயம்; கோத்தணியும் மணி; குற்றம் எனவும் பொருள்படும். சோழர் கல்வெட்டுகளில் கொடைக்கணக்காக அது நிற்கிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளான நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றாகவும் அமைந்து, யாப்பு பயிலும் ஒவ்வொரு மாணாக்கனின் நாவிலும் ஒலிக்கிறது.

ஆசிரியர்களாகிய நாம் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒலியொப்புமை ஒன்றே வேர்ச்சான்று ஆகாது. காலமும் வழியும் பொருந்த வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலிய நம் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறியமைக்கு உறுதியான சான்றுகள் உள்ளன. சான்றில்லாத ஒன்றை அவற்றோடு சேர்த்துக் கூறினால், அதன் பிழையை உணரும் மாணவன் உண்மையான பத்தையும் ஐயுறுவான். மொழிப்பற்று மெய்ம்மையின்மேல் நிற்பின் அதனை எவரும் அசைத்தல் இயலாது.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து விடை கூறினேன்: "தம்பி, ஆங்கிலேயன் பணப்பெட்டியில் இருந்த கேஷ் அவனுடையது, சென்னைக் கடைத்தெருவில் அவன் எண்ணிக்கொடுத்த கேஷ் நம்முடையது. நான் இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னது பிழை." அவன் முகம் மலர்ந்தது. பிழையை ஒப்புக்கொண்டதால் தமிழின் மதிப்பு அன்று சிறிதும் குறையவில்லை.